மனாம் தீவின் புகையை அளந்தவர்கள்

பப்புவா நியூகினியின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், கடலிலிருந்து கூம்பாக எழுந்து நிற்கிறது மனாம். அகலம் சுமார் 10 கிலோமீற்றர், உயரம் 1,800 மீற்றர். தீவு முழுவதும் ஒரே எரிமலை. அதன் அடிவாரத்தில்தான் மக்கள் தோட்டம் செய்தும் மீன்பிடித்தும் வாழ்ந்துவந்தனர்.

1996 டிசம்பரில் மலைச்சரிவில் பாய்ந்த கொதிக்கும் சாம்பல் 13 பேரைக் கொன்றது. 2004 இறுதியில் தொடங்கிய பெரும் வெடிப்புகளை அடுத்து, ஆயிரக்கணக்கான தீவு மக்கள் பெருநிலப்பரப்புக்குக் கொண்டுவரப்பட்டு, பழைய தென்னந்தோட்டங்களில் அமைத்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். அவற்றின் உத்தியோகபூர்வப் பெயர் 'பராமரிப்பு நிலையங்கள்'. (இத்தகைய பெயர்களை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.) தற்காலிகம் எனப்பட்டவை ஆண்டுக்கணக்கில் நீடித்தன. காணி உரிமையாளர்களுடன் மோதல் மூண்டது, உயிர்களும் போயின. பலர் ஆபத்தை அறிந்தே தீவுக்குத் திரும்பினர்.

திரும்பியவர்களுக்கு முன்னால் உள்ள கேள்வி ஒன்றுதான்: மலை அடுத்து எப்போது வெடிக்கும்?

அதற்கான தடயங்களில் ஒன்று வாயு. ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலெழும்போது அமுக்கம் குறைகிறது. மூடி திறந்த சோடாப் போத்தலில்போல, கரைந்திருந்த வாயுக்கள் பிரிந்து வெளியேறுகின்றன. இதில் காபனீரொட்சைட்டு ஆழத்திலேயே பிரியத் தொடங்கும். கந்தகவீரொட்சைட்டு பெரும்பாலும் மேற்பரப்பை அண்மித்த பின்னரே பிரியும். ஆகவே, புகையில் காபனீரொட்சைட்டின் விகிதம் திடீரென உயர்ந்தால், கீழிருந்து புதிய பாறைக்குழம்பு வருகிறது என ஊகிக்கலாம். வேறு சில எரிமலைகளில் வெடிப்புக்கு முன்னர் இவ்வாறு நடந்தது பதிவாகியுள்ளது.

ஆனால் அளப்பது இலகுவல்ல. கந்தகவீரொட்சைட்டைச் செய்மதியிலிருந்தே கண்டறியலாம். காபனீரொட்சைட்டோ சாதாரணக் காற்றிலேயே நிறைந்திருப்பதால், எரிமலையிலிருந்து வந்தது எவ்வளவு என்று தூரத்திலிருந்து பிரித்தறிவது மிகக் கடினம். புகைக்குள் கருவி நுழைந்தாக வேண்டும். மற்ற எரிமலைகளில் ஆய்வாளர்கள் முகமூடி அணிந்து, போத்தலுடன் வாய்விளிம்புவரை ஏறுவதுண்டு. மனாமின் செங்குத்தான சரிவில், எந்நேரமும் வெடிக்கக்கூடிய வாயருகே அப்படிச் செய்வது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

எனவே 2019 மே மாதம், எம்மா லியு தலைமையிலான சர்வதேசக் குழு, ரபோல் எரிமலை அவதான நிலையத்துடன் சேர்ந்து ட்ரோன்களை அனுப்பியது. இயக்குபவர்கள் சுமார் 6 கிலோமீற்றர் தள்ளிப் பாதுகாப்பாக நிற்க, ட்ரோன்கள் 2,000 மீற்றருக்கு மேல் ஏறிப் புகைக்குள் புகுந்தன. உள்ளிருந்த உணரிகள் இரு வாயுக்களின் விகிதத்தை அளந்தன. வெளியேறும் கந்தகவீரொட்சைட்டின் மொத்த அளவு ஒளியை உறிஞ்சும் தன்மையைக் கொண்டு தனியாகக் கணிக்கப்பட்டது. இரண்டையும் பெருக்கினால் காபனீரொட்சைட்டின் அளவு கிடைக்கும். நாளொன்றுக்குக் காபனீரொட்சைட்டு சுமார் 3,700 தொன், கந்தகவீரொட்சைட்டு 5,000 தொன்னுக்கும் மேல். உலகில் அதிக வாயு வெளியிடும் முதல் பத்து எரிமலைகளில் மனாமும் ஒன்று என 2020 ஒக்ரோபரில் வெளியான ஆய்வு கூறியது.

செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது அந்த 'முதல் பத்து'தான். தீவு மக்களுக்கு அதைவிட முக்கியமானது விகிதம். ஆனால் ஒருமுறை அளந்த விகிதம் எச்சரிக்கையாகிவிடாது. அது மாறுகிறதா என்று திரும்பத் திரும்பப் பறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பணமும், உள்ளூரிலேயே பயிற்சி பெற்றவர்களும் வேண்டும்.

ட்ரோன்கள் பறந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், 2019 ஜூன் இறுதியில், மனாம் மீண்டும் பெரிதாக வெடித்தது. திரும்பிவந்து குடியிருந்தவர்கள் மறுபடியும் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தனர்.