விண்ணிலிருந்து வந்தோர்

காணிப்பாக்கத்து விநாயகர் கிணற்றினின்று தாமே வெளிப்பட்டவர் என்பதும், அவர் திருவுருவம் நாளும் வளர்கின்றது என்பதும் இவ்வூரார் நம்பிக்கை. முன்னாளில் அன்பர் ஒருவர் அளித்த வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்பர். வளரும் பேருருவைக் கண்டு நாம் கைகூப்புகின்றோம். அதனைக் கண்டு அஞ்சிய நாட்டாரும் உளர்.

ஜப்பானியர் 1945இல் அணுகுண்டின் கொடுமையை நேரிற் கண்டவர். 1954 மார்ச்சில், பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் நச்சுச் சாம்பல் அவர்தம் மீன்பிடி படகு ஒன்றின்மீது வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே இஷிரோ ஹோண்டா இயக்கிய 'காட்ஜில்லா' திரைக்கு வந்தது. பத்தாண்டு கழித்து, 1964 டிசம்பரில், அவரே 'கிதோரா' என்னும் விண்ணுலகப் பூதத்தைக் காட்டினார். அதற்குத் தலை மூன்று, வால் இரண்டு, வாய்தோறும் மின்னல். வெள்ளிக் கோளின் நாகரிகத்தை அழித்துவிட்டுப் பூமிக்கு வந்த அதனை எதிர்த்து, புழு வடிவினதாகிய மோத்ரா தனித்துப் போர் புரிகின்றது. அது கண்டு, தம்முள் பகைத்து நின்ற காட்ஜில்லாவும் ரோடானும் உடன்சேர, கிதோரா விரட்டப்படுகின்றது. அப்பூதத்தின் ஆடைக்குள் ஒரு நடிகர் நிற்க, தலைகளையும் வால்களையும் மேலிருந்து கம்பிகளால் ஆட்டினர். நம் பொம்மலாட்டக் கலைஞர்க்கு இது புதுமையன்று.

இப்படத்திற்கு ஓராண்டு முன்னரே தமிழ்த் திரையிலும் வேற்றுலகத்தார் வந்திறங்கினர். 1961இல் யூரி ககாரின் விண்வெளி சென்று மீண்டார், 1963இல் அ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' வெளிவந்தது. எம்.ஜி.ஆர்., பி. பானுமதி, எம்.என். நம்பியார் நடித்த அப்படத்தில், வேற்றுக் கோளார் நகரங்களை எரிக்க வரவில்லை. தம் உலகில் இசை இல்லாக் குறையைத் தீர்க்க வாணி என்னும் பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர். உழவனான மோகன் அங்குச் சென்று அவளை மீட்டு வருகின்றான்.

ஜப்பானியர் கதையில் உயிர்க்கு அச்சம். தமிழர் கதையில் கலைக்கு அச்சம். அவரவர் எதனை இழக்க அஞ்சினரோ, அதனையே விண்ணிலிருந்து வந்தோர் நாடினர்.

வாணியாக நடித்த பானுமதி, ஓங்கோலை அடுத்த தொட்டவரத்தில் பிறந்த தெலுங்கர். அவரை எவரும் கவர்ந்து வரவில்லை. தாமே தமிழைக் கற்றார். தமிழ் மக்களின் உள்ளத்தில் இடம்பெற்றார். கலையும் மொழியும் பறித்துக் கொள்ளும் பொருள்கள் அல்ல. கற்றும் கற்பித்தும் பெறுவன.

தெலுங்கு மண்ணில் வாழும் நாம் இதனை எண்ணுதல் வேண்டும். நம் குடியிருப்புச் சிறுவர் பலர் தமிழைத் தடையின்றிப் பேசுகின்றனர். படிக்கச் சொன்னால் தயங்குகின்றனர். அவர்தம் தமிழைப் பறிக்க எந்தக் கோளினின்றும் எவரும் வரவேண்டியதில்லை. நாம் கற்பிக்காது விடின், அது தானே நீங்கும். ஆதலின், இம்மலரைப் பெற்றோர் படித்துக் காட்டுவதோடு நில்லாது, பிள்ளைகளின் கையிற் கொடுத்துப் படிக்கச் செய்வாராக.