காஞ்சிப் பொன் வாதாபிக்குச் சென்றிருந்தால்?



நெம்மேலியிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை அடைவர். அதனை எழுப்பிய பல்லவ வேந்தன் இராசசிம்மனே காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலையும் எடுப்பித்தவன். ‘இராசசிம்மேச்சுரம்’ என அவன் பெயராலேயே வழங்கிய அக்கோயிலின் பொன்னைப் பற்றியதே இப்பேச்சு.

‘நடந்தது நடவாதிருந்தால்?’ என்று வினவி, வரலாற்றின் போக்கை மாற்றிக் கதை புனைவது மேனாட்டில் தனியோர் இலக்கிய வகை. அக்கதைகளில் பொன்னுக்குப் பங்கு உண்டு. மலையைப் பெயர்க்க இயலாது, பொன்னைப் பெயர்ப்பது எளிது அன்றோ? தென் அமெரிக்க இன்கா மன்னன் அதகுவால்பா 1532-இல் இசுபானியரிடம் சிறைப்பட்டான். ஓர் அறை நிறையப் பொன் தருவதாகக் கூறித் தந்தும், 1533-இல் கொல்லப்பட்டான். லோரான் பினே என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 2019-இல் வெளியிட்ட நாவலில் இது தலைகீழாகிறது. அதகுவால்பா ஐரோப்பாவில் கரையேறி, தன் நாட்டுப் பொன்னும் வெள்ளியும் துணையாக அங்கே ஆட்சியை நிறுவுகிறான்.

நம் காஞ்சியிலோ, கதாசிரியர் கற்பித்தாலும் நாம் நம்பத் தயங்கக்கூடிய செய்தி உண்மையாகவே நிகழ்ந்தது. கி.பி. 642-இல் முதலாம் நரசிம்மவர்மன் சளுக்கியரின் தலைநகராகிய வாதாபியைக் கைப்பற்றினான். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தோர் இதனை அறிவர். ஏறத்தாழ நூறாண்டு கழித்துச் சளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன், நந்திவர்ம பல்லவமல்லனை வென்று காஞ்சியுள் புகுந்தான். பழிக்குப் பழி என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவனோ நகரை அழிக்கவில்லை. இராசசிம்மேச்சுரத்தின் செல்வத்தைக் கண்டு, அதனை இறைவனுக்கே திருப்பியளித்தான். அவன் மகன் கீர்த்திவர்மனின் கேந்தூர்ச் செப்பேடு இச்செயலைப் போற்றுகிறது. தந்தையை மகன் புகழ்வது இயல்புதானே என ஐயுறலாம். ஆனால் தோற்றவர் நகரில், அக்கோயிலின் தூணிலேயே, கன்னடக் கல்வெட்டு ஒன்றும் இதனைக் கூறுகிறது.

இனி, அப்பொன் வாதாபிக்குச் சென்றதாகக் கற்பிப்போம். சளுக்கிய அரசு நெடிது வாழ்ந்திருக்குமா? பொன்னைக் கொண்டு படை பெருக்கியிருக்கலாம் என்பார் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கி.பி. 753-ஐ ஒட்டி இராட்டிரகூடத் தந்திதுர்க்கன் கீர்த்திவர்மனிடமிருந்து ஆட்சியைப் பறித்தான்; கருவூலத்தில் காஞ்சிப் பொன் இருந்திருப்பின், அதுவும் புதியவன் கைக்கே போயிருக்கும்!

மற்றொன்றை அவ்வளவு எளிதில் சொல்லிவிட இயலாது. விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக, அவன் அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் ஒரு கோயில் எடுப்பித்தாள். இன்று விரூபாக்கர் கோயில் எனப்படும் அது கயிலாசநாதர் கோயிலின் சாயலை உடையது. கொள்ளையிட்டுத் திரும்பிய மன்னனின் நாட்டில், கொள்ளைபோன கோயிலின் சாயலில் இன்னொன்று எழுந்திருக்குமா? எழுந்தும் இருக்கலாம். கற்பனை செய்வோர் ஒன்றை மட்டுமே மாற்றலாம். மற்றவற்றைச் சான்றுகளிடமே விட்டுவிடுதல் வேண்டும்.

பல்லவமல்லன் பின்னர்க் காஞ்சியை மீட்டு, மேலும் பல பத்தாண்டுகள் ஆண்டான். தன்னை வென்றவனின் எழுத்தை அவன் தூணிலிருந்து செதுக்கி எறியவில்லை. கயிலாசநாதர் கோயிலுக்குச் செல்லும்போது அத்தூண் எது எனக் கேட்டுப் பாருங்கள்.