பொன்னியின் செல்வன் (எம்.ஜி.ஆர் எடுக்காத திரைப்படம்)

கல்கியின் புதினத்தைத் தழுவி எம்.ஜி.ராமச்சந்திரன் 1958இல் தயாரிக்க முனைந்து, படப்பிடிப்புக்கு முன்பே நின்றுபோன தமிழ்ப்படம்.

மூலக்கதை 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது, ஐந்து பாகங்கள். 'கல்கி' என்ற பெயரில் எழுதிய ரா.கிருஷ்ணமூர்த்தி மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்துக்காரர். அந்த மண்ணின் வாசனை கதை முழுக்க உண்டு. ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக்கரையில், எழுபத்து நான்கு கணவாய்களிலும் (மதகுகளிலும்) புதுவெள்ளம் ஓட, கதைநாயகன் வந்தியத்தேவனின் குதிரை வருகிறது. பிறகு கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை. இத்தனை தண்ணீரையும் எந்த ஸ்டுடியோவுக்குள் அடக்க எண்ணியிருந்தார்களோ!

'நாடோடி மன்னன்' வெளியான அதே 1958இல் எம்.ஜி.ஆர் கதையின் உரிமையை வாங்கினார். விலை பத்தாயிரம் ரூபாய் என்பர். இயக்கமும் அவரே. வந்தியத்தேவன், சோழ இளவரசன் அருள்மொழிவர்மன் ஆகிய இரு வேடங்களையும் அவரே ஏற்பதாக இருந்தது. வைஜெயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி கணேசன், டி.எஸ்.பாலையா, நம்பியார், நாகையா என்று நடிகர் பட்டியல் நீள்கிறது. யாருக்கு எந்த வேடம் என்பதில் தகவல்கள் ஒத்துப்போவதில்லை.

திரைக்கதை எழுதியவர், பின்னாளில் 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' எடுத்த மகேந்திரன். காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவில் எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் செயற்கைத்தனத்தைச் சாடிப் பேசிய மாணவர் அவர். சட்டம் படிக்கச் சென்னை வந்தவரைக் கூப்பிட்டு, எம்.ஜி.ஆர் ஐந்து பாகங்களையும் கையில் கொடுத்தார். அவருடைய லாயிட்ஸ் சாலை வீட்டில் உட்கார்ந்து மகேந்திரன் எழுதி முடித்தார். சாடியவனையே எழுதச் சொன்னது எம்.ஜி.ஆரின் குணம்.

படம் நின்றதற்குச் சொல்லப்படும் காரணம் எம்.ஜி.ஆருக்கு நேர்ந்த விபத்து. காயம் ஆற ஆறு மாதம் ஆயிற்றாம். 1959 ஜூன் 16 அன்று சீர்காழியில் 'இன்பக்கனவு' நாடகத்தின் சண்டைக் காட்சியில் நடிகர் குண்டுமணியைத் தூக்கியபோது கால் முறிந்ததே, அதுதான் அந்த விபத்து என்று கருதப்படுகிறது. செலவும் கதையின் நீளமுமே மெய்யான காரணம் என்பாரும் உண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து உரிமையைப் புதுப்பித்தும் வேலை நகரவில்லை.

1980களின் இறுதியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் முயன்று கைவிட்டனர். பின்னர் மணிரத்னத்தின் படம் 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்தது. வந்தியத்தேவனாகக் கார்த்தியும் அருள்மொழிவர்மனாக ஜெயம் ரவியும் நடித்தனர்.