வரவேற்கும் சொல்

பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு முதன்முறையாகச் செல்லும் தமிழரை, அவ்வூர்க் கன்னடர் வாயிலில் எதிர்கொண்டு, முகம் மலர்ந்து, "பன்னி, பன்னி" என்பர். நம்மவர் திடுக்கிடுவார். வசைச்சொல் என்று எண்ணி முகம் சுளித்தவர்களும் உண்டு. கன்னடத்தில் அதற்கு "வாருங்கள்" என்பதே பொருள். தமிழில் வகரமாக நிற்கும் ஒலி, கன்னடத்தில் மெல்லிய பகரமாக ஒலிக்கும். வாழை அங்கே பாளெ, வில் பில்லு, வேண்டா என்பது பேட. அவ்வழியே நம் "வா" என்னும் சொல்லும் அங்கே "பா" ஆயிற்று. நம்மை வைதது பிறமொழிச் சொல் அன்று. நம் வீட்டுச் சொல்லே வேறு உடை உடுத்து வந்து நம்மை வரவேற்றது.

நம்முடைய பகரத்துக்கு அங்கே நேர்ந்தது இன்னும் வியப்புக்குரியது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது ஹகரமாகத் திரியத் தொடங்கியது. பால் ஹாலு ஆயிற்று. புலி ஹுலி ஆயிற்று. பள்ளி ஹள்ளி ஆயிற்று. மாரத்தஹள்ளியில் குடியிருக்கும் நம் நண்பர் பலர், தம் முகவரியில் நாள்தோறும் எழுதும் அந்த ஹள்ளி நம் ஊர்ப்பெயர்களில் வரும் பள்ளியே என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. அல்சூர் என்று நாம் வழங்கும் ஹலசூரு, பலாவைக் குறிக்கும் ஹலசு என்னும் சொல்லால் அமைந்த பெயர் என்பர்.

இத்துணை நெருக்கம் இருந்தும் இடறல்கள் பல. "கெலச மாடு" என்றால் வேலையைச் செய் என்று பொருள். கால்நடைக்கு அங்கே இடமில்லை. "ஹேளு" என்றால் சொல்; நம் காதில் அது "கேளு" என்று விழும். நாம் மறைநூல்களுக்கும் திருமுறைகளுக்கும் ஒதுக்கிவைத்த "ஓது" என்னும் வினை, கன்னடத்தில் செய்தித்தாள் படிப்பதற்கும் வழங்குகிறது. முற்றிலும் அயலான மொழியைக் கற்பவன் எச்சரிக்கையோடு நடப்பான். உறவுமொழியைக் கற்பவனோ எல்லாம் தெரியும் என்று எண்ணிச் சறுக்குவான்.

இவ்வுறவு எவ்வளவு பழைமையானது என்பதற்கு அந்நகரின் கற்களே சான்று. பேகூரில் கிடைத்த கி.பி. 890ஆம் ஆண்டளவினதான கன்னட வீரக்கல், பெங்களூரில் நடந்த ஒரு போரைக் குறிக்கிறது. அந்நகரின் பெயரைத் தாங்கிய பழங்கல் அதுவே. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதனை மீட்டான். சோழர் ஆட்சி அகன்றது. தமிழ் அகன்றதா எனின், இல்லை. மடிவாளத்துச் சோமேசுவரர் கோவிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உளது. அது பேகூரை வேப்பூர் என்கிறது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோவிலிலும் தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. அவ்வூர்க்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் மறுபெயரும் அவற்றில் வருகிறது.

இக்காலத்தில் அந்நாட்டை ஆண்டவர் தமிழர் அல்லர்; கன்னடம் பேசிய ஹொய்சளர். 1254ஆம் ஆண்டளவில் அவர்தம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது, சமயபுரத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து ஆண்ட இராமநாதனின் பங்கில் பெங்களூர்ப் பகுதியும் அடங்கியது. கன்னட மரபினனான மன்னனின் ஆணை, காவிரிக்கரையிலிருந்து சென்று, கன்னட நாட்டில் தமிழ் எழுத்தில் கல்லில் ஏறியது! இதனைக் கூறும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம்மவருள் சிலர் இக்கல்வெட்டுகளை நிலப்பத்திரம் போல நீட்டி வழக்காடுவர். பேகூர்க் கல் அவற்றினும் பழையது என்பதை அவர்கள் மறத்தலாகாது.

1809இல் ஆங்கிலேயர் அங்கே படைப்பாளையம் அமைத்தபோது வேறொரு தமிழ்ப் பெங்களூர் தோன்றியது. படைவீரரும் வணிகரும் பணியாளரும் சென்னை மாகாணத்திலிருந்து திரளாகக் குடியேறினர். மேற்கே பழைய பேட்டை கன்னடம் பேசியது. கிழக்கே பாளையம் தமிழ் பேசியது. 1949இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணையும்வரை ஆட்சியும் வேறாகவே இருந்தது. பாளையத்துத் தமிழருக்குக் கன்னடம் இன்றியே காலம் கழிந்தது. அது வசதியாக இருந்தது; அவ்வசதியே பின்னர்த் தடையாகவும் ஆயிற்று என்பது நம் கருத்து.

பேட்டைப் பக்கத்துத் தமிழ் மரபினர் வேறு வழியில் நடந்தனர். தோட்டத்தொழிலில் பேர்பெற்ற திகளர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த பேச்சினர். அவர்கள் எடுக்கும் கரகமே அந்நகரின் பெருவிழா. சித்திரை முழுநிலவு இரவில் தருமராயர் கோவிலிலிருந்து புறப்படும் கரகம், தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்கிறது. இனி, வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதைக்குத் தந்தை எனப் போற்றப்பெற்றார். 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசும் பெற்றார். நாடகாசிரியர் கைலாசத்தின் தாய்மொழியும் தமிழே.

எனினும் ஏடுகளின் உறவு தெருவைக் காக்கவில்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும், பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர் உயிரும் உடைமையும் இழந்தனர். பலர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினர். அதே ஆண்டில் அல்சூர் ஏரியருகே நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாகத் திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது.

2009 ஆகஸ்டு 9ஆம் நாள், கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா முன்னிலையில், தமிழக முதலமைச்சர் கருணாநிதி அதனைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்துவைத்தார். வள்ளுவர் பாடியது ஈரடி. சர்வக்ஞர் பாடியது மூவடி. குறளைத் தம் மொழியில் படித்தறிந்த கன்னடர் உளர். சர்வக்ஞரைப் பற்றிப் பெங்களூரில் முப்பது ஆண்டு வாழ்ந்த நம்மவர் சிலரை நாம் வினவியதுண்டு. பெயரைக் கேட்டிருக்கிறோம் என்றனர் இருவர். மூன்றடியைச் சொன்னவர் ஒருவரும் இலர்.