இலக்கணைப் பொருள் உள்ளத்தில் எழுமாறு

“கங்கையில் இடைச்சேரி” என்னுந் தொடரை வடநூலார் இலக்கணைக்கு எடுத்துக்காட்டாக ஆளுதல் அன்பர்கள் அறிந்ததே. நீரின்மேற் சேரி நில்லாது. ஆகவே கங்கை என்னுஞ் சொல் அதன் கரையை உணர்த்திற்று. 11-ஆம் நூற்றாண்டிற் காவியப் பிரகாசம் இயற்றிய மம்மடர், இலக்கணைக்கு மூன்று வேண்டுமென்றார்: நேர்ப்பொருள் பொருந்தாமை, அதனோடு இயைபு, வழக்கேனும் பயனேனும் உளதாதல். இவற்றுள் முதலதே ஈண்டு ஆராயற்பாலது. உள்ளம் நேர்ப்பொருளிற் சென்று முட்டி மீண்ட பின்னரோ மற்றைப் பொருளை எய்துகின்றது?

வழக்கு இலக்கணைக்கு மம்மடர் காட்டியது, கருமத்திற் குசலன் என்பது. குசைப்புல் கொய்வோன் என்பது அச்சொல்லின் உறுப்புப் பொருள். வல்லவன் என்பது வழங்கும் பொருள். 14-ஆம் நூற்றாண்டினராகிய விசுவநாதர் சாகித்திய தர்ப்பணத்தில் இதனை மறுத்தார். சொல் பிறந்த காரணம் வேறு, அது வழங்குங் காரணம் வேறு. வல்லவன் என்பதே நேர்ப்பொருள் என்பது அவர் கொள்கை. குசலன் என்று கேட்பவன் எவனும் புல்லை நினையானன்றே! மறுப்பு வலியுடைத்து.

அங்ஙனமாயின், வழக்கில் தேய்ந்தொழியாத உருவகங்களின் நிலை என்னை? 1982-இல் அமெரிக்க உளநூலாராகிய குளுக்ஸ்பெர்க், கில்டியா, புக்கின் என்னும் மூவர் இதனைச் சோதித்து வெளியிட்டனர். வாக்கியங்களைக் காட்டி, சொல்லளவில் மெய்யோ பொய்யோ என்பது மட்டும் கூறப் பணித்தனர். சில தொழில்கள் சிறைகள் என்பது போல்வனவற்றைப் பொய்யென்று தள்ளுதற்கு, உருவகமாகாத பொய்களைத் தள்ளுதலினும் மிகுந்த நேரஞ் சென்றது. வேண்டாதிருந்தும் உருவகப் பொருள் தானே எழுந்து தடுத்தது என்பது இதனாற் பெறப்படும்.

எனின், மம்மடர் கூற்றுப் பிழையோ? அன்றென்பதே எமது துணிபு. பொருந்தாமை என்பதைக் கேட்போன் உள்ளத்து நிகழும் காலவரிசையாகக் கொள்ளல் வேண்டா. கொண்ட பொருள் தகுமென்று நிறுவுங் காரணமாகக் கொள்க.

சித்தாந்தம் பயில்வார்க்கு இவ்வேறுபாடு பெரிதும் வேண்டப்படும். பசு என்று ஓதுங்கால் நாம் ஆவை நினைந்து மீள்வதில்லை, உயிரென்றே கொள்கின்றோம். பாசமென்னுங் கயிறு உடன் கூறப்படும்போதோ, தேய்ந்த அவ்வுருவகம் மீண்டும் உயிர்த்துக் கட்டுண்ட நிலையைப் புலப்படுத்துகின்றது. இனி, அத்துவிதத்தை விளக்கப் புகுந்த உமாபதி சிவாசாரியர், சிவப்பிரகாசத்தில், பொன்னும் அணிகலனும், இருளும் ஒளியும், சொல்லும் பொருளும் ஆகிய உவமைகளை விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும் முதலியவற்றைக் கொண்டார். பொன்னும் அணிகலனும் என்ற உவமை செவிப்பட்ட கணமே விளங்கும். விளங்கிய எளிமை ஒன்றே பற்றி, உயிரும் இறையும் ஒரு பொருளென முடிபு செய்தலையே அவர் விலக்கினார்.