முட்சக்கரமும் பால்வெட்டுக் கத்தியும்

அரநாயக்கப் பகுதியைச் சேர்ந்த அன்பர் ஒருவர், தமது பாட்டனார் காலத்து மோட்டார் கராஜைத் துப்புரவு செய்தபோது கிடைத்த கைக்கருவிகள் சிலவற்றைப் படம் பிடித்து அனுப்பி, இவை என்ன என்று வினவியிருந்தார். மண்சரிவு அபாயம் காரணமாகக் குடும்பம் வேறிடம் பெயர்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் அந்த வாரமே வருவதாகச் சொல்லியிருந்தாராம். 2016 மே 17 அன்று அதே அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனதை அறிந்தவர்களுக்கு, அங்கே வீடு மாறுவதில் உள்ள அவசரம் விளங்கும்.

படத்தில் இருந்தவற்றுள் அலவாங்கை விளக்க வேண்டியதில்லை. போர்த்துக்கேயரின் சொல் நம் நாவில் தமிழாகிவிட்ட கதை அது. தட்டையான வாயுடைய சுரண்டியும் பலருக்குத் தெரிந்ததே. புல்லைச் செதுக்கியெடுக்கும் இக்கருவியின் பெயர் எதிர்த்திசையில் பயணம் செய்தது. ஆங்கிலேயத் துரைமார் அதற்கு வேறு பெயர் தேடாமல் 'சொரண்டி' என்றே தம் நூல்களில் எழுதினார்கள். புல்லோடு மேல்மண்ணையும் அது சுரண்டிச் சென்றதைப் பின்னாளில் வேளாண்மை அறிஞர்கள் கண்டித்தார்கள் என்பது வேறு கதை.

வியப்பளித்தது மூன்றாவது பொருள். மரக் கைப்பிடி, அதன் நுனியில் உருளக்கூடிய சிறு சக்கரம், சக்கரத்தின் விளிம்பெங்கும் முட்கள். பற்றீஸின் ஓரத்தை வெட்டும் சமையலறைச் சக்கரமாக இருக்கலாம் என அன்பர் கருதியிருந்தார். ஆனால் மாவை வெட்டும் சக்கரத்தின் விளிம்பு வளைந்து வளைந்து செல்லும். குத்துவதற்கான கூர்முனை அதற்குத் தேவையில்லை. அத்துடன் அது கிடந்த பெட்டியிலேயே மடங்கிய வாயுடைய கத்தி ஒன்றும், முனை வளைந்த தகரப் பீலிகள் சிலவும் இருந்தன. துணைக்கிருந்த இப்பொருட்களே விடையைச் சொல்லிவிட்டன. இது இறப்பர் மரத்தின் பட்டையைக் குத்திப் பாலெடுக்கப் பயன்பட்ட முட்சக்கரம்.

இதன் வரலாறு சுவையானது. 1876 இல் பிரேசிலிலிருந்து விக்ஹாம் கொண்டுசென்ற விதைகளில் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த கன்றுகளுள் ஏறத்தாழ 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹேனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. மரம் வந்துவிட்டது, அதிலிருந்து பால் எடுக்கும் முறைதான் வரவில்லை. அமேசன் காட்டில் சிறு கோடரியால் கொத்தினார்கள். அவ்வாறு கொத்திய மரம் புண்பட்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி, மரத்தைக் கொத்தாமல், வெட்டிய விளிம்பிலேயே மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பச் சீவும் முறையை நிலைநாட்டினார். 1898-99 இல் பேராதனையில் ஆய்வு செய்த ஜோன் பார்க்கின், ஒரு முறை வெட்டிய இடத்துக்கு அருகே மீண்டும் வெட்டும்போது முன்னதைவிட அதிகமாகப் பால் சுரப்பதைக் காட்டினார்.

அதன்பின் தொடங்கியது கத்திகளின் காலம். 1906 இல் பேராதனையில் நடந்த இறப்பர் கண்காட்சியில் விதவிதமான வெட்டுக் கருவிகள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1910 இல் இறாத்தல் ஒன்று 12 ஷில்லிங்குக்கு மேல் விலைபோனபோது, ஒரு துளி பாலைக்கூட விடாமல் எடுத்துவிட வேண்டும் என்ற வெறி எல்லோரையும் பிடித்தது. இந்த முட்சக்கரமும் அந்தக் காலத்துப் பிள்ளையே. கத்தியால் மேற்பட்டையைச் சீவி, அந்தப் பள்ளத்தில் சக்கரத்தை உருட்டினால், முட்கள் உள்ளே இறங்கிப் பாற்குழல்களைத் திறக்கும், பட்டை வீணாகாது. போமன், நோர்த்வே ஆகியோர் பெயரால் இலங்கையில் இது விற்கப்பட்டது. கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாற்குழல்கள் அடர்ந்திருப்பது மரத்தின் வளர்படையை ஒட்டியே. முள் சற்று ஆழமாக இறங்கினாலும் அப்படை புண்படும். புதிதாக வளரும் பட்டை கட்டிகளால் நிறைந்து, அடுத்த சுற்றில் கத்தி வழுக்கும். மிஞ்சிய பட்டையால் பயனின்றிப் போயிற்று. முட்சக்கரம் கைவிடப்பட்டது.

நிலைத்தது அந்த மடங்கிய வாய்க் கத்திதான். மிச்சி-கோலெட்ஜ் என்ற இரு ஆங்கிலப் பெயர்களைச் சுமந்து, இலங்கையிலும் கேரளத்திலும் இன்றும் புழங்குகிறது. தோட்டத்தில் யாரும் அப்பெயரைச் சொல்வதில்லை. பால்வெட்டுக் கத்தி, அவ்வளவே. இடது மேலிருந்து வலது கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் அதை இழுக்க வேண்டும். பாற்குழல்கள் மரத்தில் நேராக ஏறாமல் வலப்புறம் சற்றே சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில்தான் அதிகக் குழல்கள் அறுபடும். வளர்படைக்கு வெளியே ஒரு மில்லிமீற்றர் அளவு பட்டையை மிச்சம் வைக்க வேண்டும். விடியற்காலை மங்கலில், அட்டை கடிக்கக் கடிக்க, ஏறத்தாழ 300 மரங்களுக்கு இதைச் செய்ய வேண்டும். பின்னர் சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, உறைந்த ஒட்டுப்பாலையும் உரித்துக்கொண்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர்.

கருவியின் தலையில் காப்புரிமைக்காரரின் பெயர் உண்டு. கைப்பிடியில், பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பள்ளம் மட்டுமே உண்டு. முட்சக்கரம் மரத்தைக் கெடுக்கிறது என்பதை விஞ்ஞானிகளுக்கு முன்பே அந்தக் கைகள் அறிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். கட்டி விழுந்த பட்டையில் கத்தியோடு போராடியவர்கள் அவர்களல்லவா? அவர்களிடம் கேட்டு எழுதியவர் யார்?

அன்பருக்கு எழுதிய மறுமொழியை மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே தருகிறேன். பழைய இரும்புக்காரருக்கு அலவாங்கை வேண்டுமானால் கொடுங்கள். மற்றவற்றைத் துரு நீங்கத் தேய்க்க வேண்டாம். முத்திரை எழுத்துகள் இருந்தால் அழிந்துவிடும். துணியால் துடைத்து, சிறிது எண்ணெய் தடவினால் போதும். பெட்டியைப் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தின் லயத்தில் 2007 இல் திறக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைக் கேட்டுப் பாருங்கள். தேயிலைக்கானது என்றாலும், அங்கே வைக்கப்பட்டிருப்பவை உழைத்தவர்களின் கருவிகள். அதற்கு முன், அயலில் பால் வெட்டிய முதியவர் எவரேனும் இருந்தால் முட்சக்கரத்தை அவர் கையில் கொடுத்து, தோட்டத்தில் இதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள்.