கழுத்துப்பட்டை நழுவிய சிவிங்கிப்புலி

சென்ற வாரம் ஐதராபாத்தில் என் விடுதியில் இளைய ஆய்வாளர் ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஒரு வீட்டின் சோபாவின்மேல் மீர்கட் ஒன்று பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணா, இதை இந்த ஊரில் வாங்கி வளர்க்க முடியுமா?" என்று கேட்டார். சட்டம் தரும் விடை ஒன்று, வரலாறு தரும் விடை மற்றொன்று என்றேன். இரண்டாவது சற்று நீண்டது; ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்.

அயல்விலங்குகளைக் காண்பதும் வளர்ப்பதும் ஐதராபாத்துக்குப் புதிதன்று. 1963இல் நேரு விலங்கியல் பூங்கா திறக்கப்பட்டபோது, அதுவரை நிஜாம் காலத்துப் பொதுத் தோட்டமான பாக்-இ-ஆமில் இருந்த விலங்குகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. அரசர்கள் விலங்குகளைப் பரிசளிக்கும் வழக்கமும் அண்மைக்காலம்வரை தொடர்ந்தது. சவூதி இளவரசர் ஒருவரின் அன்பளிப்பாக 2013இல் சிவிங்கிப்புலிகள் இப்பூங்காவுக்கு வந்தன. அவற்றுள் அப்துல்லா என்ற ஆண் 2023 மார்ச்சில் இறந்தது.

சிவிங்கிப்புலிக்கும் இந்திய அரசவைகளுக்கும் இருந்த உறவு பல நூற்றாண்டுப் பழமையுடையது. வெளிமான் வேட்டைக்காக அவற்றைப் பழக்கினர். பழக்குவோர் குட்டிகளை விரும்பவில்லை; வளர்ந்த விலங்கையே காட்டிலிருந்து பிடித்தனர். தாயுடன் திரிந்து வேட்டை கற்காத குட்டி பின்னாளில் வேட்டைக்கு உதவாது என்பது அவர்களது பட்டறிவு. அதாவது, இவ்விலங்கின் திறமை அதன் உடலில் மட்டும் இல்லை, தாயிடம் பெற்ற கல்வியிலும் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்தே இருந்தனர்.

ஜஹாங்கீரின் தன்வரலாற்றுக் குறிப்புகளில் இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அவர் தந்தை அக்பர் ஆயிரம் சிவிங்கிப்புலிகளை ஒருங்கே சேர்த்து வைத்திருந்தார். அவை இணைசேர வேண்டுமென்று பெரிதும் விரும்பினார். ஆணையும் பெண்ணையும் தோட்டங்களில் விட்டும் பார்த்தார். பயனில்லை. பின்னர் ஜஹாங்கீர் காலத்தில் ஓர் ஆண் தன் கழுத்துப்பட்டையை நழுவவிட்டுத் தானாகவே ஒரு பெண்ணிடம் சென்றது. மூன்று குட்டிகள் பிறந்தன. மனிதர் காவலில் சிவிங்கிப்புலி ஈன்றதற்கு அடுத்த சான்று 1956இல் பிலடெல்பியா விலங்கியல் பூங்காவிலிருந்தே கிடைக்கிறது. இடையில் 300 ஆண்டுகளுக்கும் மேல்!

இந்த இடைவெளியின் விலையை யார் கொடுத்தது? அரண்மனையில் பெருகாத விலங்கைக் காட்டிலிருந்துதான் மீண்டும் மீண்டும் கொண்டுவர வேண்டும். வாழிட அழிவும் துப்பாக்கி வேட்டையும் அதனுடன் சேர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோலாப்பூர், பாவ்நகர் போன்ற சமஸ்தானங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிப்புலிகளை இறக்குமதி செய்யவேண்டியதாயிற்று. 1952இல் இந்தியச் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதை அழித்தோர் அனைவரும் அதை வெறுத்தவர்கள் அல்லர். மிகவும் விரும்பியவர்களும் அவர்களுள் இருந்தனர்.

மீர்கட் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் வறண்ட நிலங்களில் சில வேளை முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டமாக வாழ்வது. கலஹாரியில் 1993 முதல் நடந்துவரும் ஆய்வுகள் அதன் சமூகத்தை நுணுக்கமாகக் காட்டியுள்ளன. ஒரு தலைமைப் பெண்ணே பெரும்பாலும் குட்டி ஈனும். ஏனையவை அக்குட்டிகளைக் காக்கும், ஊட்டும். மூத்தவை முதலில் செத்த தேளையும், பிறகு கொடுக்கு நீக்கிய தேளையும், இறுதியில் முழுத் தேளையும் குட்டிகளுக்குக் கொடுத்து உண்ணக் கற்பிக்கும். மற்றவை தலைகுனிந்து மண்ணைத் தோண்டும்போது ஒன்று உயரத்தில் நின்று காவல் காக்கும். பிறகு வேறொன்று அப்பணியை ஏற்கும்.

இனி அந்தக் காணொளிக்குத் திரும்புவோம். நாம் அழகென்று சிரித்த அந்த நிமிர்ந்த நிலை, காவல் நிலை. சோபாவின்மேல் நிற்கும் அந்த விலங்குக்குக் காக்கக் கூட்டமும் இல்லை, காவலை மாற்றிக்கொள்ளத் துணையும் இல்லை.

சட்டத்தின் விடை இவ்வளவு தெளிவாக இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதன்மையாக நம் நாட்டு உயிரினங்களைக் கருதி எழுதப்பட்டது. 2022இன் திருத்தம், பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸ் பட்டியலிட்ட அயலினங்களை வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும் என்றது. மீர்கட் அப்பட்டியலில் இல்லை. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். ஆயினும் பட்டியலின் அடிப்படை, ஓரினம் அழியுமா என்ற கேள்விதான். ஒரு தனி விலங்கு தன் கூட்டமின்றி வாழுமா என்ற கேள்வி அதில் இல்லை.

அரசவை வளர்ப்பும் இன்றைய வளர்ப்பும் ஒன்றே என்று நான் வாதிடவில்லை. பண்ணையில் பிறந்த மீர்கட்டை வாங்கினால் கலஹாரிக்கு இழப்பில்லை என்று ஒருவர் கூறலாம். மீர்கட் அருகிவரும் இனமும் அன்று. ஆனால் பிறந்த இடம் மாறினாலும் அவ்விலங்கின் தேவை மாறுவதில்லை. ஆயிரம் சிவிங்கிப்புலிகளுக்கு உணவும் பணியாளரும் அளித்த பேரரசரால் அவை வேண்டிய ஒன்றை மட்டும் அளிக்க இயலவில்லை. நம் விடுதி அறையிலும் அடுக்குமாடி வீட்டிலும் நாம் எதை அளிக்கப்போகிறோம்?

இளையவரிடம் இவ்வளவும் சொன்னேன். சற்று நேரம் கழித்து, "அப்படியானால் இரண்டாக வாங்கினால்?" என்றார். அக்பரும் அதைத்தான் செய்து பார்த்தார் என்றேன்.